கிரகணத்தன்று நான் மூடிவைத்த மீன்தொட்டி

குமாரு,

வருகிற வாரம் நீ வந்து இறங்குகிறாய். இறங்கியதும் வண்டி எடுத்துக்கொண்டு மடுகரைக்குப் போய் பவித்ராவை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவேன் என்று போனில் சொன்னாய். வளைகாப்புகூடப் போடாமல் அவள் ஏன் அம்மா வீட்டுக்குப் போனாள் என்று இதுவரை என்னிடம் ஐந்து முறை கேட்டுவிட்டாய். ஐந்து முறையும் நான் பொய் சொன்னேன். தலை சுற்றி விழுந்துவிட்டாள், டாக்டர் படுத்தே இருக்கச் சொன்னார் என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது, உன் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி, அவளாகவே போய்விட்டாள் என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தும் போட்டேன். பவித்ரா உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள் என்னிடம் சொன்னாள்: “நான் சொல்ல மாட்டேன் அத்த. நீயே அவருகிட்ட சொல்லு. புள்ள பொறக்கறதுக்குள்ள சொல்லிடு. இல்லன்னா நானும் எம் புள்ளையும் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டோம்.” வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துப் படி, ஆனால் பாதியில் நிறுத்தாதே.

மீனிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆவணி மாதம் நீ கத்தாருக்குக் கிளம்பியபோது பவித்ராவுக்கு மூன்று மாதம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் உன் கண்ணாடித் தொட்டி. இரண்டு ஆண் மீன், நான்கு பெண் மீன், குப்பி என்று பெயர் சொன்னாய். ஆணுக்குப் பட்டுப்பாவாடை மாதிரி வால், பெண்ணுக்குச் சாம்பல் நிறத்தில் வெறும் உடம்பு. இங்கேயும் ஆம்பளைக்குத்தான் மினுக்கா என்று நான் கேட்டதற்கு நீயும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கிளம்புகிற அன்று எங்கள் இரண்டு பேரையும் தொட்டிக்கு முன்னால் நிறுத்திப் பாடம் நடத்தினாய். மோட்டார் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, பக்கெட்டில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும், அதுவும் கால்பங்குதான் மாற்ற வேண்டும். தீனி ஒரு சிட்டிகை. வயிறு உப்பி, பக்கத்திலிருந்து பார்த்தால் பெட்டி மாதிரி சதுரமாகி, வாலுக்கு முன்னால் இருக்கிற புள்ளி கறுத்துவிட்டால் நாள் நெருங்கிவிட்டது. தீனிக்கு மேலே வராமல் பாசிக்குள் ஒதுங்கினால் இன்றோ நாளையோ. அப்போது வலை போட்டுத் துரத்தாமல், டம்ளரில் தண்ணீரோடு மொண்டு, தொட்டிக்குள் தொங்குகிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் விட வேண்டும். டப்பாவின் நடுவே கீறல் கீறலாக ஒரு தடுப்பு. குட்டி பிறந்ததும் அதன் வழியே அடியில் விழுந்துவிடும், தாயின் வாய்க்கு எட்டாது. எட்டினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “தின்னுடும்மா” என்றாய். அதற்கும் நான் சிரித்தேன்.

முதலில் எல்லாம் பவித்ராதான் பார்த்தாள். நன்றாகத்தான் பார்த்தாள், அதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அவளை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்தில் அவள் வீட்டார் எனக்கு முதல் பந்தியில் இலை போடவில்லை. அந்தப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். அந்தக் கோபத்தை அவள் முதுகில்தான் ஏற்றி வைத்திருந்தேன். அவளோ எதையும் மனசில் வைத்துக்கொள்ளாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் மத்தியானம், “அத்த, இங்க வாயேன், குனிஞ்சி பாரு. உள்ள கண்ணு தெரியுது” என்றாள். குனிந்தேன். மீனின் வயிற்றுத் தோலுக்குப் பின்னால் கசகசா மாதிரி கறுப்புப் புள்ளிகள், இரண்டிரண்டாக. பிறக்காத பிள்ளைகளின் கண்கள். உள்ளே இருந்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. நான் சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்து நின்றேன். மீன் மெல்லத் திரும்பியது. அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின.

“இன்னாத்த, மீனப் பாத்து பயப்படறியா? நல்லவாட்டுக் கடக்கரையிலேர்ந்து மீனு வந்தா தலைய வெறுங் கையால திருகிப் போடுவியே!” என்று சிரித்தாள்.

“அது செத்த மீனுடி” என்றேன். அவள் இன்னும் சிரித்தாள்.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது டப்பாவிலிருந்த தடுப்பை எடுத்துவிட்டேன். பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் நடுவில் பிளாஸ்டிக் எதற்கு என்று தோன்றியது. காலையில் மீன் குட்டி போட்டது. ஒவ்வொன்றும் சுருண்ட மயிர்த்துண்டு மாதிரி விழுந்து, ஒரு கணம் அடியில் கிடந்து, நிமிர்ந்து நீந்தத் தொடங்கும். நீந்தத் தொடங்கியதும் தாய் திரும்பி வரும். அவசரம் இல்லை, கோபம் இல்லை. வாயைத் திறந்து மூடிவிட்டு அடுத்ததைப் பெறப் போகும். பவித்ரா பார்த்துவிட்டு வாசலில் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்கக் கூடாது, இனிமேல் தொட்டிப் பக்கம் வராதே என்று அவளைத் தடுத்தேன். தடுப்பை எடுத்தது நான்தான் என்று சொல்லவில்லை. அது தானாகக் கழன்றுவிட்டது என்று அவள் நம்பினாள்.

பிறகு மீன் என் பொறுப்பு. என் பொறுப்புக்கு வந்த நாலாம் நாள், தண்ணீர் கலங்கலாக இருக்கிறதென்று எல்லாவற்றையும் இறைத்துக் கொட்டிவிட்டு, மோட்டார் போட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பினேன். அண்டா தேய்க்கிற மாதிரி தொட்டியையும் தேய்த்தேன். மூன்று நாளில் ஐந்து மீன் மிதந்தன. ஒரே ஒரு பெண் மீன் மிஞ்சியது. “ஒரு நாள் வச்சி ஊத்தச் சொன்னாரே அத்த” என்று பவித்ரா மெதுவாகத்தான் சொன்னாள். அதையும் நான் மனசில் எழுதி வைத்துக்கொண்டேன்.

ஆண் இல்லை, இனி பிரசவம் இல்லை என்று டப்பாவைக் கழுவிப் பரணில் போட்டேன். ஐப்பசியில் அந்த மீனின் வயிறு உப்பியது. சீக்காக இருக்கும் என்று நினைத்தேன். புள்ளி கறுத்தது. கண்கள் தெரிந்தன. டப்பாவை எடுத்து, தடுப்பையும் போட்டு அதை உள்ளே விட்டேன். எட்டுக் குட்டிகள். அவற்றை முட்டைக் கருவை நசுக்கிப் போட்டுக் கொஞ்ச நாள் வளர்த்து மாட்டுத் தண்ணித் தொட்டியில் விட்டேன். கார்த்திகையில் மறுபடியும். தனியாக ஒரு பெண், யாரும் பக்கத்தில் இல்லை, மாதம் தவறாமல் பெறுகிறது. பவித்ராவுக்குத் தெரியக் கூடாது என்று தொட்டிமேல் எப்போதும் ஒரு துண்டைத் தொங்கவிட்டேன். தீனி போடத் துண்டை விலக்கும்போதெல்லாம் அந்த மீன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருக்கும். நான் வருவதற்கு முன்பே அங்கே நிற்கும்.

பொறுக்க முடியாமல் பஸ் ஏறி வில்லியனூருக்குப் போய் மீன் விற்கிற கடையில் கேட்டேன். கடைக்காரன் சின்னப் பையன், மீசைகூட முளைக்கவில்லை. “ஆயா, அது பேயும் இல்ல பிசாசும் இல்ல. ஒருக்கா ஆணோட சேந்துச்சின்னா போதும். உள்ளயே பத்திரமா வச்சிருக்கும். ஆறு மாசம் ஆனாலும் மாசா மாசம் போட்டுக்கினே இருக்கும்” என்றான். எனக்கு அறுபதுகூட ஆகவில்லை, ஆயா என்றான், அது கிடக்கட்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் சொன்னது காதிலேயே நின்றது. ஒரே ஒரு தடவை நடந்ததை உள்ளே பத்திரமாக வைத்திருந்து, மாதா மாதம் பெற்றுப் போடுவது. அப்படி ஒருத்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

குமாரு, உனக்கு ஒரு அக்கா இருந்தாள். உனக்கு இதை யாரும் சொன்னதில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம், வயிற்றில் எட்டு மாதம். மாசியில் பட்டப்பகலில் சூரிய கிரகணம். உன் அப்பாவைப் பெற்றவள், நீ ஆயா ஆயா என்று மடியில் ஏறி விளையாடியவள், என்னை நெல் மூட்டை அடுக்கிய அறையில் விட்டுக் கதவை வெளியே சாத்தினாள். கர்ப்பிணிமேல் கிரகண வெளிச்சம் படக் கூடாது, குழந்தை ஊனமாகும் என்று நம் பக்கத்தில் இன்றும் சொல்கிறார்கள். அறையில் ஓடு விலகிய இடத்தில் ஒரு துளை. அதன் வழியாக வெளிச்சம் மூட்டைமேல் விழுந்தது, ஒரு ரூபாய்க் காசு மாதிரி வட்டமாக. கொஞ்ச நேரத்தில் அந்த வட்டத்தின் ஓரத்தை யாரோ கடித்த மாதிரி இருந்தது. கடி பெரிதாகிக்கொண்டே போனது. பிறையாகிவிட்டது. எனக்குப் பத்தொன்பது வயது. விளையாட்டாகக் கையை நீட்டி அதைப் பிடித்தேன். பிறகு புடவையை விலக்கி அந்தப் பிறையை என் வயிற்றின் மேல் விழவிட்டேன். அழகாக இருந்தது. அப்புறம்தான் வலி எடுத்தது. தட்டினேன். “பொறு, விடட்டும்” என்று வெளியே இருந்து குரல் வந்தது. மறுபடி தட்டினேன். அதே இரண்டு வார்த்தை. கிரகணம் விட்ட பிறகும் வீட்டைக் கழுவி, எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் கதவைத் திறந்தார்கள். பெண் குழந்தை. தலை நிறைய முடி. அழவில்லை. ஒரு கண் மட்டும் திறந்திருந்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் உன் ஆயாவோடு ஒரே வீட்டில் இருந்தும் அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் போனபோது எல்லாரும் வாய்க்கரிசி போட்டார்கள், நான் கையை மூடிக்கொண்டு நின்றேன். நீ ஏன் என்று கேட்டாய், கை வலிக்கிறது என்றேன். ஆனால் அந்தப் பிறையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. உன் அப்பாவிடம்கூட இல்லை. அவள் பூட்டியதால் பிள்ளை போனது என்று பகலில் சொல்லிக்கொள்வேன். நான் வெளிச்சத்தை வயிற்றில் வாங்கியதால் போனது என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். இரண்டையும் நம்பினேன்.

மார்கழியில் கிரகணம் என்று டிவியில் சொன்னதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போது பவித்ராவுக்கு ஏழு மாதம். மீனுக்கும் புள்ளி கறுத்திருந்தது. முந்தின நாளே அவள் அறையின் ஜன்னலைச் சாத்தி, இடுக்கெல்லாம் பழைய புடவையைக் கிழித்துத் திணித்தேன். ஓட்டில் ஒரு துளை இல்லாமல் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரக் கூடாது. காலையில், அதிலிருந்தும் வெளிச்சம் வரும் என்று அவள் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று காலை நீ போன் செய்தபோது ஸ்விட்ச் ஆஃப் என்று வந்ததே, அது அதனால்தான்.

“அத்த, டிவில ஒண்ணும் ஆவாதுன்னு சொல்றாங்க” என்றாள்.

“டிவிக்காரனா வந்து உனக்குப் பிரசவம் பாக்கப் போறான்? உள்ள போடி.”

“மீனுக்குக்கூட காத்து மோட்டாரு போடற. எனக்கு ஒரு ஃபேனாவது போடு.”

“கரெண்டு வெளிச்சமும் ஆவாது. மூணு மணி நேரம்தான்.”

அவள் போய்ப் பாயில் உட்கார்ந்தாள். “சரி. தாழ் மட்டும் போடாத அத்த. நான் வெளிய வர மாட்டேன், சத்தியமா” என்றாள். நான் சரி என்றேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சத்தம் கேட்காமல் மெதுவாகப் போட்டேன்.

பிறகு மீனை டப்பாவில் விட்டு, காற்று மோட்டாரையும் விளக்கையும் நிறுத்தி, தொட்டி முழுவதையும் கம்பளியால் மூடினேன். அதுவும் கர்ப்பிணிதானே. அதற்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கிரகணம் பிடித்தது. வெயில் இருந்தது, ஆனால் வெயிலின் நிறம் இல்லை. காக்காய்கள் அடங்கிவிட்டன. வாசலில் முருங்கை மரத்தடியில் இலைகளின் நடுவே விழுகிற வெளிச்சம் எல்லாம் பிறையாக மாறியது. நூறு பிறைகள், தரையில், அசைந்துகொண்டு, வீட்டை நோக்கி வருவது மாதிரி. நான் வாசல் கதவையும் சாத்தினேன். அப்போது தட்டுகிற சத்தம் கேட்டது. கம்பளிக்கு உள்ளே இருந்து, டப்பா கண்ணாடியில் மோதுவதாக நினைத்தேன். மோட்டார் நின்ற தண்ணீரில் டப்பா எப்படி மோதும்? மறுபடியும் சத்தம். அது நெல் அறையிலிருந்து வருகிறது என்று பட்டது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் தட்டியது இப்போதுதான் வந்து சேருகிறது, அந்தக் கை என் கைதான் என்று நினைத்தேன். என் கைகள் மடிமேல் இருந்தன. பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

கிரகணம் விட்டதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டைக் கழுவினேன். தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அப்புறம்தான் தாழ்ப்பாளைத் தொட்டேன். கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் கதவை ஒட்டிப் படுத்திருந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி அனல். வேர்வையில் புடவை நனைந்திருந்தது, ரத்தமும் இருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தாள். அவளுடைய செல்போனில் அவள் அண்ணனைக் கூப்பிட்டேன். மடுகரையிலிருந்து கார் எடுத்து வந்தான். ஆஸ்பத்திரியில் குழந்தைக்குத் துடிப்பு இருக்கிறது என்று சொல்லும்வரை நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி போட்டு, பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அவள் அண்ணன் காரை நம் ஊர்ப் பக்கம் திருப்பவே இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றிருப்பேன்.

கிரகணத்தன்று பொழுது சாயும் முன் ஆஸ்பத்திரியிலிருந்து தனியாக வீடு வந்து கம்பளியை எடுத்தேன். மீன் செத்திருக்கும் என்றுதான் எடுத்தேன். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து காற்றை வாங்கிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டியிருந்தது. பெற்றுவிட்டது. தடுப்பு இருந்தது, நானே என் கையால் போட்டது. தடுப்புக்கு அடியில் ஒரு குட்டிகூட இல்லை. டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாசியைப் பிரித்துப் பார்த்தேன். எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. மீனைத் திரும்பத் தொட்டியில் விட்டபோது அதன் தோலுக்குப் பின்னால் ஒரே ஒரு ஜோடிக் கண் இன்னும் இருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. பவித்ராவின் அறைக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் கூடத்தில் உட்காருவதில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீரை ஒரு நாள் வைத்திருந்து கால்பங்குதான் மாற்றுகிறேன், எல்லாம் நீ சொன்னபடி.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு நேற்று பவித்ராவுக்குப் போன் போட்டேன். எழுதிவிட்டேன் என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தாண்டி.”

“வாசிச்சிக் காட்டு.”

எழுத்துக் கூட்டி வாசித்தேன். தடுப்பை எடுத்த இடம் வந்தபோது, “அது நீதானா?” என்றாள், அவ்வளவுதான். உன் அக்காவைப் பற்றி வாசித்தபோது அவள் அழுகிற சத்தம் கேட்டது. தட்டிய சத்தம் எங்கிருந்தோ வந்தது என்று எழுதிய இடத்தில் என்னை நிறுத்தினாள்.

“அத்த. நான் தட்டுனது மட்டும் இல்ல. கூப்ட்டேன். வவுறு வலிக்குது, தண்ணி குடு, கதவத் தொறன்னு கூப்ட்டேன்.”

நான் காகிதத்தை மடித்தேன்.

“அதுக்கு நீ பதில் சொன்ன அத்த. அதையும் எழுது” என்று வைத்துவிட்டாள்.

எழுதுகிறேன். சத்தம் தொட்டியிலிருந்தும் வரவில்லை, நெல் அறையிலிருந்தும் வரவில்லை. உன் பெண்டாட்டி தட்டினாள். முதல் தட்டிலேயே தெரியும். அத்த என்று கூப்பிட்டதும் கேட்டது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், “பொறு, விடட்டும்” என்றேன். வெளிச்சம் பட்டுவிடும் என்ற பயம் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. எனக்கு யார் திறந்தார்கள் என்று அது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன், குமாரு.

கத்தாருக்குத் திரும்பிப் போகிற ஆள் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நீ கிளம்புமுன் கிடைத்துவிடும். நீ வந்து இறங்கியதும் இங்கே வராதே. நேராக மடுகரைக்குப் போ. இந்தக் காகிதத்தை அவளிடம் கொடு, எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று அவள் பார்க்கட்டும். வருகிறேன் என்றால் கூட்டி வா. வர மாட்டேன் என்றால் நீயும் அங்கேயே இரு, என்னைக் கேட்க வேண்டாம். பிள்ளை பிறந்ததும் அழுததா என்று மட்டும் ஒரு போன் போட்டுச் சொல்லு.

உன் அம்மா.